பீப்பாய் தட்டிய துரை

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க தம்பி. வேண்டாம், கையிலேயே வச்சுக்கிட்டுப் படிங்க, எனக்குத் தலைப்பு தெரிஞ்சாப் போதும். மார்மன்காரங்க. ஆமா, அந்த அமெரிக்கா சபைக்காரங்கதான். ரெண்டு மூணு பெண்டாட்டி கட்டுறவங்களைப் பிடிக்க அமெரிக்காவில சட்டம் வருதுன்னு போட்டிருக்கா? வரட்டும், நல்லா வரட்டும். நீங்க படிச்சுட்டுச் சிரிச்சதைப் பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது.

ஏன்னா அவங்கள்ல ஒருத்தன் என் வீட்டில ஒன்பது மாசம் இருந்தான்.

நிஜமாத்தான் சொல்றேன். மெட்ராஸ்ல, வேப்பேரியில, என் வீட்டு முன்ஹால்ல. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வர்றதுக்கு இன்னும் நேரம் கிடக்கு, சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

என் பேர் மாசிலாமணிப் பிள்ளை. கப்பலை விட்டு இறங்குற இளந்துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற முன்ஷியா முப்பது வருஷம் இருந்தவன். நாங்க மூணு தலைமுறையா வேதக்காரங்க. வேதக்காரங்கன்னா, வெள்ளாள வேதக்காரங்க. ஞானஸ்நானம் வாங்கினாச் சாதி போயிடுமான்னு கேப்பாங்க சில பேர். தண்ணியில கழுவினாப் போறதுக்கு அது என்ன அழுக்கா?

எங்க கோவில்ல உபதேசியார் உத்தியோகம் எனக்குத்தான் வந்திருக்கணும். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. அப்போ புதுசா ஒரு பாதிரி வந்தார். இனிமே எல்லாரும் ஒரே பாத்திரத்தில நற்கருணை குடிக்கணும்னார். எனக்கு முன்னாடி யார் வாய் வச்சதோ, அதுல நான் வாய் வைக்கணுமாம். நான் எழுந்து வந்துட்டேன். உத்தியோகம் வேற ஒருத்தனுக்குப் போச்சு. அந்தக் கசப்பில இருந்தப்போதான் இந்த ஆள் வந்து சேர்ந்தார்.

ஆயிரத்து எண்ணூத்து ஐம்பத்து மூணு, ஆடி மாசம். வாசல்ல ஒரு வெள்ளைக்காரர் நிக்கிறார். தோள்மேல பெட்டி. கூலி இல்லை, வண்டி இல்லை, தானே சுமந்துகிட்டு வந்திருக்கார். முகமெல்லாம் வெயில்ல உரிஞ்சு கிடக்கு. பூட்ஸ்ல விரல் தெரியுது. பேர் ஆமோஸ் ஹாலட்டாம். அமெரிக்காவிலேருந்து வர்றாராம். கர்த்தர் இந்தக் காலத்திலேயும் மனுஷனோட பேசுறார்னு ஜனங்களுக்குச் சொல்ல வந்திருக்காராம். துரைமார் தெருவில ஒவ்வொரு வீடாத் தட்டிப் பார்த்துட்டுத்தான் என் வீட்டுக்கு வந்திருக்கார். ஒரு வீட்டிலேயும் உள்ளே விடலை.

நான் ஏன் விட்டேன்னு கேப்பீங்க. ஒளிக்கிறதுக்கு ஒன்னுமில்லை. புது சபை, புது துரை. பின்னாடி பெரிய சங்கம் இருக்கும், பள்ளிக்கூடம் கட்டுவாங்க, தலைமை உபதேசியார்னு ஒருத்தர் வேண்டியிருக்கும்னு கணக்குப் போட்டேன். அந்தப் பாதிரி முகத்தில கரி பூசலாம்னு நினைச்சேன். வெள்ளைத் தோலைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

ஒரு வாரம் போறதுக்குள்ள விஷயம் தெரிஞ்சுபோச்சு. சங்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையில ஒன்னும் வச்சுக்காமப் புறப்படணும்கிறதுதான் அவங்க ஏற்பாடாம். துணியை அவரே தோய்ச்சுக்குவார். தோய்ச்சுட்டு இடுப்பில துண்டோட கிணத்தடியில உக்காந்து, காயுற வரைக்கும் வேதம் படிப்பார். தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு உடம்பு கூசும்.

அதுக்கப்புறம் ஒரு வேலை செஞ்சார் பாருங்க. அவருக்குப் பீப்பாய் செய்யிற தொழில் தெரியும், அப்பன் வழித் தொழில். நேராக் கடற்கரைக்குப் போய், கப்பலுக்குத் தண்ணி பிடிக்கிற பீப்பாயையெல்லாம் செப்பனிட ஆரம்பிச்சுட்டார். மணல்ல சம்மணம் போட்டுக் கூலிக்காரங்க நடுவில உக்காந்து, இரும்பு வளையத்தைச் சுத்தியால டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டு. என்கிட்ட தமிழ் படிக்கிற சின்னத்துரை ஒருத்தர் குதிரையில போனவர் பார்த்துட்டார். மறுநாள் பாடத்தில என்னைக் கேக்கிறார், "முன்ஷி, உங்க வீட்டுப் பீப்பாய்க்காரர் சௌக்கியமா?"ன்னு. நான் அன்னிக்கு மத்தியானம் சோறு சாப்பிடலை. ஒரு வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன் மாதிரி இருக்க வேண்டாமா? அவன் தன் இடத்தில நின்னாத்தானே நாம நம்ம இடத்தில நிக்க முடியும்?

பாருங்க, அவன்னு சொல்ல வாய் வருது, அடுத்த வார்த்தை அவர்னு போயிடுது. பழக்கதோஷம்.

வீட்டை விட்டு அப்பவே துரத்தியிருக்கலாம். துரத்தலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் ஹால்ல கூட்டம் நடக்கும். துரை பேசுவார், நான் பக்கத்தில நின்னு தமிழ்ல சொல்லுவேன். முப்பது நாற்பது பேர் வருவாங்க. என் வீடு, என் நாற்காலி, என் தமிழ். கோவில்ல எனக்குக் கிடைக்காதது இங்கே கிடைச்சுது. அதனால இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அவர் கதையைச் சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவார். நான் கேக்காமலே சொல்லுவார். மலையடிவாரத்தில, வருஷத்தில ஆறு மாசம் பனி மூடிக் கிடக்கிற ஊராம். பத்தொன்பது வயசில இந்தக் கூட்டத்துப் பிரசங்கிமார் ரெண்டு பேர் அந்தப் பக்கம் வந்திருக்காங்க. அவங்க பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கிட்டு ஈரத் துணியோட வீட்டுக்கு வந்தாராம். அப்பன் எழுந்து வந்து கதவைத் திறந்து பிடிச்சுகிட்டு நின்னாராம். அவ்வளவுதான், அந்த வீட்டோட சம்பந்தம் முடிஞ்சுது. எனக்கு அந்த அப்பனைத்தான் பிடிச்சுது. மானமுள்ள மனுஷன்.

பிறகு ஒரு பெரிய ஆத்தங்கரையில இவங்கள்லாம் சேர்ந்து பட்டணம் கட்டியிருக்காங்க. அக்கம்பக்கத்து ஜனம் பொறுக்கலை. இவங்க தீர்க்கதரிசின்னு கொண்டாடினவரை ஜெயில்ல இருக்கும்போதே சுட்டுட்டாங்களாம். அப்புறம் வீட்டுக்கு நெருப்பு. குளிர்காலத்தில ஆறு உறைஞ்சு கிடந்ததாம். அந்தப் பனிக்கட்டி மேலேயே மாட்டு வண்டியை ஓட்டிக்கிட்டுத் தப்பிச்சிருக்காங்க. இவர், பெண்டாட்டி லிடியாள், கூடப்பிறந்த தம்பி ஒருத்தன், தம்பி பெண்டாட்டி. அங்கேயிருந்து ஆயிரம் மைல் புல்வெளி. மெட்ராஸ்லேருந்து காசிக்கு மாட்டு வண்டியில போறதா வச்சுக்குங்க, வழியில ஒரு ஊர் கிடையாது, ஒரு சத்திரம் கிடையாது. தம்பி பாதியிலேயே காய்ச்சல்ல போயிட்டான். போய்ச் சேர்ந்த இடமாவது நல்லதான்னா, ஏரி இருக்கு, அது முழுக்க உப்பு. முதல் விளைச்சலை வெட்டுக்கிளி தின்னுடுச்சு.

அதெல்லாம் சகிச்சு ஒரு குடிசை போட்டு நாலு ஏக்கர் கோதுமை கண்ணுல பார்த்தாச்சு. ஒரு நாள் சபை கூடியிருக்கு. மேடையில ஒருத்தர் காகிதத்தைப் பார்த்து வரிசையாப் பேர் வாசிக்கிறார். ஆமோஸ் ஹாலட், இந்தியா. முன்னாடி யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. இந்தியா எந்தத் திசையில இருக்குன்னே இவருக்குத் தெரியாது. லிடியாள் வயித்தில அப்போ பிள்ளை. ஆனா எழுந்து நின்னு சரின்னு சொல்லிட்டாராம். ஏன் சொன்னீங்கன்னு கேட்டேன். "சொல்லாமலிருக்க முடியும்னு எனக்குத் தோணவே இல்லை, முன்ஷி"ன்னார்.  கர்ப்பிணிப் பெண்டாட்டியைப் பனியில விட்டுட்டு வந்தவன் நமக்கு வேதம் சொல்ல வந்துட்டான்னு எனக்கு அன்னிக்கே அருவருப்பாப் போச்சு.

இதெல்லாம் நடக்கும்போது பரிமாறினது யாருன்னா, என் தங்கச்சி தெபோராள். அவளைச் சொல்லணும்.

பதினேழு வயசில தாலி அறுத்தவ. எங்க வேதத்தில மறுமணம் கூடும்னு பாதிரிமார் சொல்லுவாங்க. எங்க சாதியில கூடாது. அதனால என் வீட்டோட இருந்தா. நான் அவளை நல்லாத்தான் வச்சிருந்தேன். வேளாவேளைக்குச் சோறு. வருஷத்துக்கு ரெண்டு வெள்ளைப் புடவை. என் சம்சாரம் சீக்காளி, அதனால என் பிள்ளைங்க மூணையும் வளர்த்தது அவதான், சமையல் அவதான், தண்ணி எடுக்கிறது அவதான். ஒரு வேலைக்காரியைக் கூட நான் வைக்கலை, வெளி ஆள் வந்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்னு. மிஷன் பள்ளிக்கூடத்தில நாலு வருஷம் படிச்சவ. அது போக, நான் சின்னத்துரைமாருக்கு வீட்டு ஹால்ல பாடம் சொல்லும்போது கதவுக்குப் பின்னாடியே இருப்பா. நான் அவங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவ அவங்ககிட்டேயிருந்து இங்கிலீஷை எடுத்துகிட்டா. எனக்கு அது தெரியாது. யாரு கவனிச்சா?

கூட்டத்துக்கு வர்றவங்கள்ல எசேக்கியேல்னு ஒருத்தன். பட்டாளத்தில பியூகிள் ஊதுறவன். சேரிக்காரன். அவனை ஹாலுக்குள்ள விட முடியுமா? முற்றத்தில வேப்பமரத்தடியில நின்னு கேட்டுட்டுப் போன்னு சொன்னேன். அதுவே பெரிசு. மூணாவது வாரம் துரை கவனிச்சார். அந்த மனுஷர் ஏன் உள்ளே வரலைன்னு கேட்டார். அவனுக்குக் காத்து வேணுமாம்னு சொன்னேன். துரை எழுந்து, முற்றத்துக்குப் போய், எசேக்கியேல் பக்கத்தில நின்னுகிட்டுப் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சுட்டார். அத்தனை பேரும் ஹால்ல உக்காந்தபடி கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாங்க. நான் வாசப்படியில நின்னு மொழிபெயர்க்கிறேன். இப்படி ஒரு கேவலம்.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன். நீங்க படிச்சவர், புரிஞ்சுக்குவீங்க. துரை சொன்னதை நான் அப்படியே சொல்லலை.

அப்படியே சொல்லியிருந்தா என்ன ஆகும்? தண்ணியில இறங்கினா உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லைன்னு அவர் சொல்லுவார். பெரியவங்களுக்குக் கீழ்ப்படிஞ்சு நடக்கிறவங்களைக் கர்த்தர் கழுவுவார்னு நான் சொல்லுவேன். படிக்காதவன்கிட்டேயும் கர்த்தர் பேசுவார்ம்பார். உபதேசம் பண்ணப் படிச்சவங்க வேணும்பேன். பொய் இல்லை தம்பி, செப்பனிடுறது. ஓட்டைப் பீப்பாயை அவர் செப்பனிடலையா? ஜனங்களுக்கு எது தாங்குமோ அதைக் கொடுக்கணும். எட்டு மாசம் அப்படித்தான் நடந்துது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பங்குனி மாசம் ஒரு ஞாயிறு. அன்னிக்குத் துரைக்கு ஜுரம். முகம் வெளுத்திருக்கு. வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. அன்னிக்கு அவர் வேதத்தைத் திறக்கலை. தன் குழந்தையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். மெர்சின்னு பேராம். பதினோரு மாசக் குழந்தை. புல்வெளியில செத்துப்போச்சு. அதுவரைக்கும் என்கிட்டகூடச் சொன்னதில்லை. சொல்லிகிட்டு இருக்கும்போதே அவர் கன்னத்தில தண்ணி ஓடுது. துடைக்கக்கூட இல்லை. முப்பது பேர் முன்னாடி ஒரு ஆம்பிளை, அதுவும் துரை, மூக்கு ஒழுக அழறார். எனக்கு எங்கே பார்க்கிறதுன்னு தெரியலை. இதைப் போய் எப்படித் தமிழ்ல சொல்றது? நான் தொண்டையைச் செருமிகிட்டு, "துரை தன் தேசத்து நிலத்தைப் பத்திச் சொல்றார். கோதுமை நல்லா விளையுமாம்"னு சொன்னேன்.

முன் வரிசையில ஒருத்தர் கொட்டாவி விட்டார்.

அப்போ சமையக்கட்டுக் கதவு திறந்துது. தெபோராள் வந்து நிக்கிறா. கையில மாவு. துரைக்குப் பரிமாறுறதைத் தவிர, அந்நிய ஆம்பிளைங்க முன்னாடி ஏழு வருஷமா வராதவ.

"அண்ணா, அவர் சொன்னது அது இல்லை"ன்னா.

சத்தம்கூடப் போடலை. என்னைப் பார்த்துகூடச் சொல்லலை. முற்றத்துப் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பிச்சா. "இவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. வழியில செத்துப்போச்சு. புதைக்கப் பெட்டி செய்ய மரம் இல்லை, அந்தப் புல்வெளியில ஒரு மரம் கிடையாது. இவர் தன் வண்டியிலிருந்த மாவுப் பீப்பாயை உடைச்சு, அந்தப் பலகையில தானே பெட்டி செஞ்சார். புதைச்ச பிறகு, ஓநாய் தோண்டி எடுக்கக்கூடாதுன்னு, பின்னாடி வந்த வண்டி அத்தனையையும் அந்தக் குழி மேலேயே ஓட்டினாங்க. முதல் வண்டியை இவரே ஓட்டினார். திரும்பிப் பார்த்தா இடம் தெரியலை. இனி எப்பவும் தெரியாது. நாம எதுக்காக வந்தோம்னு அன்னிக்கு இவருக்குச் சந்தேகம் வந்துது, இன்னும் முழுசாப் போகலைங்கிறார். உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட ஒன்னுமில்லை, தள்ளி வச்சிருக்கிற மனுஷர் யாராவது இருந்தா அவங்க பக்கத்தில வந்து நிக்க முடியும், அது மட்டும்தான் முடியும்ங்கிறார்."

ஒரு வார்த்தை குறையலை. நான் முன்ஷி, எனக்குத் தெரியும். என்னாலகூட அவ்வளவு நல்லாச் சொல்லியிருக்க முடியாது.

 எசேக்கியேல் வேப்பமரத்தடியில உக்காந்துட்டான். துரை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்னும் கேக்கலை. நான் கூட்டத்தை முடிச்சு எல்லாரையும் அனுப்பிட்டேன். அவளை அன்னிக்கு அடிச்சேன். ஒரு அடிதான். அண்ணன் அடிக்கிறதில்லையா?

மறு வாரம் தெபோராள் ஞானஸ்நானம் வாங்கணும்ங்கிறா. ஏற்கனவே வாங்கினவதானேன்னேன். குழந்தையில நீங்கள்லாம் வாங்கிக் கொடுத்தீங்க, இது நானா வாங்கிக்கிறதுன்னா. எசேக்கியேலும் வாங்கப்போறானாம். அதே நாள், அதே தண்ணி. 

அந்தச் சமயத்தில கர்த்தரே எனக்கு வழி காட்டினார்னு நினைச்சேன். எங்க கோவில் பாதிரியே வீடு தேடி வந்து ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கொடுத்தார். அதில எல்லாம் போட்டிருந்தது. இந்தக் கூட்டத்தார் ஒருத்தனுக்குப் பல பெண்டாட்டிங்கிறதை வேதக் கட்டளைன்னே வெளிப்படையா அறிவிச்சிருக்காங்களாம். பேப்பரைக் கொண்டுபோய் துரை முன்னாடி வச்சேன். இது நிஜமான்னு கேட்டேன்.

"நிஜம்தான். எனக்கும் ரெண்டு பேர்"னார்.

செத்துப்போன தம்பி பெண்டாட்டி, கெசியாள்னு பேர். புல்வெளியில தனியா நின்னவளை இவர் கட்டிகிட்டாராம். லிடியாளே அவ கையைப் பிடிச்சுக் கூட்டிகிட்டு வந்தாளாம். ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்களான்னு எகத்தாளமாக் கேட்டேன்.  "தெரியலை. கேட்டிருக்கணும். நான் கேக்கலை"ன்னார்.

சீ. இதை ஒரு மனுஷன் வெக்கமில்லாமச் சொல்லுவானா? ஆம்பிளைன்னா அங்கே இங்கே இருக்கும், நான் இல்லேங்கலை. எனக்குச் சிந்தாதிரிப்பேட்டையில ஒரு வீடு இருந்தது. அது வேற விஷயம். அவளுக்கு அரிசி பருப்புக்குக் குறை வச்சதில்லை, வீட்டில என் சம்சாரத்துக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பா. மரியாதைன்னா அது. நான் அவளுக்குத் தாலி கட்டி, ஊரைக் கூட்டி, இதுவும் என் பெண்டாட்டின்னு சொல்லி அசிங்கப்படுத்தலையே.

நேரா உள்ளே போய்த் தெபோராள்கிட்ட சொன்னேன். உன்னை மூணாவதாக் கட்டத்தான் இந்த ஞானஸ்நானமெல்லாம்னு. அவ முகத்தைத் துடைச்சுகிட்டு ஹாலுக்கு வந்தா. இங்கிலீஷ்லேயே அவரைக் கேட்டா, என் முன்னாடியே. அவர் எழுந்து நின்னு பதில் சொன்னார். "இல்லை அம்மா. அதுக்கு நான் வரலை. அந்த எண்ணமும் இல்லை. அது எங்க சட்டம், அதை நான் நம்புறேன், ஆனா அது சுலபமா இருக்கும்னு யாருக்கும் சொல்லமாட்டேன். உங்களுக்கு மனசில்லைன்னா ஞானஸ்நானமும் வேண்டாம்."

 அதுக்கு அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா. கெசியாளுக்குன்னு தனியா வீடு உண்டான்னு. உண்டு, ஒரே அறைதான், ஆனா அவ பேர்ல இருக்குன்னார்.

தெபோராள் தலையை ஆட்டிட்டு உள்ளே போயிட்டா.

அந்த வாரம் நான் வேலைக்குப் போன நேரம், சாந்தோம் கடற்கரையில, மீன்காரங்க பார்க்க, அலையில இறங்கி ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க ரெண்டு பேரும். எனக்குச் சொன்னதே ஒரு மீன்காரிதான். வீட்டுக்கு வந்தேன். அவர் பெட்டியை எடுத்துத் தெருவில எறிஞ்சேன். பெட்டி திறந்து ரெண்டு சட்டை, வேதம், அவங்க சபையோட இன்னொரு வேத புஸ்தகம், மரம் இழைக்கிற இழைப்புளி ஒன்னு, எல்லாம் மண்ணில விழுந்துது. அவர் குனிஞ்சு பொறுக்கினார். சட்டையை உதறி மடிச்சார். ஜுரம் விடவே இல்லை அவருக்கு. பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுகிட்டு என்கிட்ட வந்தார்.

"முன்ஷி, நீங்க மாத்திச் சொல்றீங்கன்னு எனக்கு முதல்லேயே தெரியும். நான் சிரிச்ச இடத்தில ஜனங்க பயந்தாங்க, நான் மனசு உடைஞ்ச இடத்தில கொட்டாவி விட்டாங்க"ன்னார்.

தெரிஞ்சும் ஏன் என்னை வச்சிருந்தீங்கன்னு கேட்டேன்.

"கதவைத் திறந்தது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் நான் கூப்பிட்டுகிட்டுத்தான் இருந்தேன்"னார்.

எட்டு மாசம் என்னைப் பார்த்துகிட்டே இருந்திருக்கார். நான் பேசும்போதெல்லாம் பக்கத்தில நின்னுகிட்டு, தெரிஞ்சே. இதைவிட ஒருத்தனை அவமானப்படுத்த முடியுமா? கத்தியிருந்தா, திட்டியிருந்தா, நான் அப்பவே மறந்திருப்பேன். அவர் கொஞ்ச நாள் சிப்பாய்ங்க குடியிருக்கிற பட்டாளத்து லைன்ல எங்கேயோ படுத்துக்கிடந்துட்டு, லண்டன் போற கப்பல்ல தண்ணிப் பீப்பாய் பார்த்துக்கிற வேலைக்கு ஏறிப் போயிட்டார்.

தெபோராள் அதுக்கு முன்னாடியே போயிட்டா. நான் வேலைக்குப் போனேன், திரும்பி வந்தேன், அடுப்பு எரியலை. எசேக்கியேலோட பட்டாளம் பெங்களூருக்கு மாறினப்போ அவனைக் கட்டிகிட்டு அவளும் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். வெள்ளாளப் பெண் சேரிக்காரனோட. நான் வீட்டில அவ பேரை எடுக்கக்கூடாதுன்னுட்டேன். பிள்ளைங்க மட்டும் கொஞ்ச நாள் அழுதுகிட்டு இருந்துச்சுங்க.

பதினேழு வருஷம் கழிச்சு ஒரு துரைக்குத் தமிழ்ப் பரீட்சை வைக்க என்னைப் பெங்களூருக்கு அனுப்பினாங்க. இதே ரயில்தான். வேலை முடிஞ்சுது. கால் தன்னால பட்டாளத்து லைன் பக்கம் போச்சு. விசாரிச்சேன். பியூகிள்காரர் சம்சாரமா, டீச்சரம்மாவான்னு கேட்டாங்க. சிப்பாய் வீட்டுப் பெண் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறாளாம்.

சின்ன ஓட்டு வீடு. சுத்தமா இருந்துது. என்னைப் பார்த்து அழுவா, காலைப் பிடிப்பான்னு நினைச்சேன். வாங்க அண்ணான்னு சொல்லி நாற்காலி போட்டா. கலர்ப் புடவை கட்டியிருந்தா. தலை நரைச்சிருக்கு. எசேக்கியேல் எழுந்து ஒதுங்கி நின்னான். இன்னும் அந்த மரியாதை இருந்துது அவனுக்கு.

பேச்சு எதை எதையோ சுத்தி வந்து அங்கேயே நின்னுது. துரை செத்துப்போயிட்டார்னா. கெசியாள் கடிதம் போட்டிருக்கா, அந்த ரெண்டாவது பெண்டாட்டி. எடுத்து வாசிச்சா.

துரை ஊர் போய்ச் சேர ரெண்டரை வருஷம் ஆச்சாம். கடைசி முன்னூறு மைல் நடையாம். வீட்டு வாசல்ல கெசியாள் ஒரு பையனோட நின்னிருக்கா. லிடியாள் எங்கேன்னு கேட்டாராம். லிடியாள் அவர் புறப்பட்ட முதல் குளிர்காலத்திலேயே, அந்தப் பையனைப் பெத்த பிரசவத்தில போயிட்டா. எழுதின கடிதம் இவர் கையில சேரவே இல்லை. கணக்குப் பார்த்தேன். என் வீட்டு வாசல்ல வந்து நின்னப்பவே அந்தப் பொம்பளை மண்ணுக்குள்ள இருந்தா. அதுக்கப்புறமும் சபை அவரை விடலை. தெற்கே ஒரு பாலைவனத்தில ஊர் உண்டாக்கணும்னு மறுபடியும் பேர் வாசிச்சிருக்காங்க. போனார். வாய்க்கால் வெட்டினார். அணை கட்டினார், வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, மறுபடியும் கட்டினார். மூணாவது தடவை உடைஞ்சப்போ குளிர்ந்த தண்ணியில ரெண்டு நாள் நின்னு அடைச்சார். மாருல சளி கட்டிச் செத்துட்டார்.

கெசியாள் வெளிப்படையா எழுதியிருந்தா. "எனக்கும் லிடியாளுக்கும் எப்பவும் ஒத்துப்போனதில்லை. அவர் நல்லவர், ஆனா நல்லவருக்குப் பெண்டாட்டியா இருக்கிறது பெரிய கஷ்டம். இந்தியாவில ரெண்டே பேரைத்தான் சேர்த்தேன்னு அவர் சொன்னா இங்கே எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் கூடச் சிரிப்பார். ஆனா உங்க ரெண்டு பேர் பேரையும் ஜெபத்தில ஒரு நாளும் விட்டதில்லை. நீங்க சுகமா இருக்கீங்களான்னு கடைசி வாரத்திலேயும் கேட்டார். தயவுசெஞ்சு எழுதுங்க"ன்னு.

தெபோராள் கடிதத்தை மடிச்சா. நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.

"என்னைப் பத்தி ஒன்னும் எழுதலையா?"ன்னு கேட்டேன்.

"இல்லை அண்ணா"ன்னா.

இத்தனைக்கும் ஒன்பது மாசம் என் சோத்தைத் தின்னவர். நன்றிகெட்ட கூட்டம் தம்பி.

எசேக்கியேல் இலை போட்டான். அவனேதான் போட்டான். சோறு, மீன் குழம்பு, அப்பளம். தெபோராள் கைக் குழம்பு வாசனை எனக்குத் தெரியும், ஏழு வருஷம் சாப்பிட்டவன். வயிறு சரியில்லைன்னு சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துட்டு அவ முகத்தைப் பார்த்தான். அவ வருத்தப்படலை. கோபமும் இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. "எடுத்துடுங்க. அண்ணன் இங்கே சாப்பிடமாட்டார். அவரால முடியாது"ன்னு புருஷன்கிட்ட சொன்னா, நொண்டியால ஓட முடியாதுன்னு சொல்ற மாதிரி. அப்புறம் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா.

வண்டி பிடிச்சு ரயிலடிக்கு வந்துகிட்டிருந்தேன். பாதி வழியில கண்ணுல தண்ணி கொட்ட ஆரம்பிச்சுது. நிக்கவே இல்லை. மேல்துண்டு நனைஞ்சுபோச்சு. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, என்ன ஐயா, உடம்புக்கு முடியலையான்னான். காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை, தம்பி. ஐம்பது வயசு மனுஷனுக்கு எப்படித் தாங்கும்? பசிடா, வேற ஒன்னுமில்லை, நீ வண்டியை ஓட்டுன்னு சொன்னேன்.